கரும்பாறையும் கம்பு ரொட்டியும்

எரிமலையைப் பார்க்க ஆசைப்படும் இந்தியர் பொதுவாக இத்தாலிக்கோ இந்தோனேசியாவுக்கோ விமான டிக்கெட் விலை விசாரிக்கிறார். சொந்த நாட்டில் அந்தமான் கடலில் பாரன் தீவு என்ற உயிருள்ள எரிமலை இருக்கிறது; ஆனால் அங்கே இறங்கி நடமாட முடியாது, கப்பலில் இருந்தபடி புகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மகாராஷ்டிரத்தின் முக்கால் பங்குக்கு மேல் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான நிலம் என்ற செய்தி பள்ளிப் புவியியல் புத்தகத்தில் ஒரு வரியாக வந்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. அந்த ஒரு வரியைக் கண்ணாலும் நாக்காலும் சரிபார்க்க ஒரு நாள் போதும். புனே மாவட்டத்தின் வட கோடியில் இருக்கும் ஜுன்னர் தாலுகா அதற்குத் தோதான இடம்.

ஜனவரி நல்ல மாதம். மழைக்காலத்தில் அருவிகளைப் பார்க்க மும்பையும் புனேயும் திரண்டு வந்துவிடும். பாறையைப் பார்க்க முடியாது, கார்களைத்தான் பார்க்கலாம். ஜனவரியில் மலைகள் காய்ந்து எலும்பு தெரிய நிற்கின்றன. புனே-நாசிக் நெடுஞ்சாலையில் சுமார் 75 கி.மீ. வந்ததும் நாராயண்காவ். தக்காளிச் சந்தைக்கும் தமாஷா கூத்துக் குழுக்களுக்கும் பேர்போன ஊர். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்குக் குழுக்களை அமர்த்த கிராமத்துப் பெரியவர்கள் இங்கேதான் வருகிறார்கள். பயணி இங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு மேற்கே திரும்ப வேண்டும். ஜுன்னர் நகரைத் தாண்டி 30 கி.மீ.க்கு மேல் போனால் சாலை ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் முடிகிறது. அதுதான் நாணேகாட்.

வழியெல்லாம் மலைகள் படிப்படியாக ஏறுகின்றன. கூம்பு வடிவம் எங்கும் இல்லை. யாரோ மட்டக்கோல் பிடித்து வெட்டியது போல ஒரு செங்குத்துச் சுவர், அதன் தலையில் சாய்வாக ஒரு புல்தரை, மறுபடி ஒரு சுவர். ஒவ்வொரு சுவரும் ஒரு முறை வழிந்தோடி உறைந்த குழம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பரப்பு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இன்றைய ரீயூனியன் தீவின் பக்கம் இருந்தபோது நிலம் நீளவாக்கில் பிளந்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி மலை உச்சியிலிருந்து வெடித்துச் சிதறவில்லை. பாலைப் பொங்கவிட்டது போல வெடிப்புகளின் வழியே பொங்கி, பரந்து, உறைந்து, அதன்மேல் மறுபடி பொங்கி வழிந்தது. பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது என்பது இப்போதைய கணக்கு. இன்று எஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ.; சில இடங்களில் அடுக்குகளின் மொத்தக் கனம் இரண்டு கி.மீ.க்கும் அதிகம். புவியியலாளர்கள் இதை 'தக்காண டிராப்' என்கிறார்கள். டிராப்பா என்றால் ஸ்வீடிஷ் மொழியில் படிக்கட்டு. பெயர் வைத்தவர்கள் கண்ணை நம்பியவர்கள்.

சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் இரண்டு கறுப்பு அடுக்குகளுக்கு நடுவே ஓர் அடி, இரண்டு அடி கனத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அது ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் இடையே கிடைத்த ஓய்வு. அந்த ஓய்வில் பாறை உதிர்ந்து மண்ணாகி, அடுத்த குழம்பு மேலே வந்து படுத்தபோது சூளையில் வைத்தது போல் சுட்டுச் சிவந்தது. அவசரமாகப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பாறையின் குமிழ்த் துளைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிகங்களும் பளிச்சிடும். புனே அருகே வாகோலிக் கல் குவாரிகளில் கிடைத்த காவன்சைட் என்ற நீலப் படிகத்துக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். ஜல்லி போடுவதற்காக உடைக்கிற மலையிலிருந்து அருங்காட்சியகப் பொருள் வருகிறது; மலை மட்டும் திரும்பி வருவதில்லை.

டைனோசர்களைக் கொன்றது இந்தக் குழம்போடு வந்த நச்சுப் புகையா, அதே காலத்தில் மெக்சிகோ கரையில் விழுந்த விண்கல்லா என்ற சண்டை 1980களில் தொடங்கி நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. விண்கல் கட்சிக்கே ஆள் பலம் அதிகம். ஆனால் தக்காணத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து முழுதாக இறக்கிவிட யாரும் தயாராக இல்லை.

நாணேகாட்டின் விளிம்பில் நின்றால் காலடியில் கொங்கணம். செங்குத்தாகப் பல நூறு மீட்டர் கீழே வயல்களும் ஓடைகளும் பொம்மை போலத் தெரிகின்றன. பக்கத்தில் ஜீவ்தன் கோட்டை நிற்கும் குன்று. மழைக்காலத்தில் கீழிருந்து அடிக்கும் காற்று அருவியை மேல்நோக்கித் தூக்கி எறியும்; ஜனவரியில் காற்று மட்டும் இருக்கிறது, தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாணே என்றால் மராத்தியில் நாணயம். கல்யாண், சோபாரா துறைமுகங்களிலிருந்து பொதிமாடுகள் இந்தப் பிளவின் வழியாகத்தான் மேலேறி ஜுன்னருக்கு வந்தன. கணவாயின் தலையில் ஒரு பெரிய கல் தொட்டி இருக்கிறது. சுங்கக் காசு போட்ட தொட்டி என்கிறார்கள்.

கணவாயின் உச்சியை ஒட்டி, பாறையில் குடைந்த ஓர் அறை. இடமும் வலமும் சுவர் நிறையப் பிராமி எழுத்து. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்தக் கல்வெட்டு சாதவாகன அரசி நாகனிகாவுடையது. நடத்திய யாகங்களையும் தானம் கொடுத்த பசு, குதிரை, யானை, காசு ஆகியவற்றின் எண்ணிக்கையையும் பட்டியல் போடுகிறது. இன்று உலகம் எழுதும் எண்களுக்கு மூதாதைகள் இந்தச் சுவரில் இருக்கின்றன என்பதால் கணித வரலாற்றுக்காரர்களுக்கு இது தீர்த்த யாத்திரைத் தலம். பின்சுவரில் அரச குடும்பத்தின் ஆளுயர உருவங்கள் இருந்தன. உருவங்கள் சிதைந்து போய்விட்டன. தலைக்கு மேலே எழுதிய பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

தமிழ் வாசகர்களுக்கு இந்த அரசர்கள் அந்நியர்கள் அல்லர். சிலப்பதிகாரம் செங்குட்டுவனின் நண்பர்களாகச் சொல்லும் நூற்றுவர் கன்னர், சதகர்ணி என்ற பெயரின் தமிழாக்கம் என்பது பல அறிஞர்களின் கருத்து. சாதவாகனர் பின்னாளில் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழ் என்று அறிஞர்கள் படிக்கும் எழுத்தும் இருக்கின்றன. நாணயக் கணவாயில் நின்று இதை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

திரும்பும் வழியில் காட்கர் போன்ற மேற்குக் கிராமங்கள். மகாதேவ் கோலி பழங்குடியினரின் ஊர்கள். மழை கொட்டும் பக்கம் என்பதால் இங்கே சரிவுகளில் படி வெட்டி நெல்லும் கேழ்வரகும் பயிரிடுகிறார்கள். அறுவடை முடிந்த ஜனவரியில் தாளடி மட்டும் மிச்சம். இவர்களுக்குக் கையில் காசு வரும் வழிகளில் முக்கியமானது காட்டில் பொறுக்கும் ஹிர்டா. நம்மூர் கடுக்காய்தான். ஒரு வீட்டில் சாப்பாடு கேட்டால் கேழ்வரகு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் வரும். கூட நெய் மணக்கும் சோறு வந்தால் அன்று விருந்தாளிக்கு மரியாதை அதிகம் என்று அர்த்தம்.

இந்தப் படி வயல்களை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. தெற்கே பக்கத்து தாலுகாவான ஆம்பேகாவில், இதே போன்ற சரிவின் அடியில் மாளின் என்று ஒரு கிராமம் இருந்தது. 2014 ஜூலை 30 அதிகாலை, விடாத மழையில் மலைச் சரிவு அப்படியே வழுக்கி ஊரின்மேல் இறங்கியது. 151 பேர் இறந்தார்கள். அந்தத் தடத்தில் வழக்கமாகப் போகும் அரசு பஸ்ஸின் டிரைவர், ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணாமல் திகைத்துத் தகவல் சொன்ன பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. எரிமலைப் பாறை மேலே உதிர்ந்து மண்ணாகிறது, அடியில் கெட்டியாகவே இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையின் முதுகில் தேங்கினால் மேல்மண் பலகைபோல் நழுவத் தயாராகிவிடுகிறது. கோலிகள் கூடி உழைத்துக் கையால் வயல் திருத்தும் பழைய வழக்கத்துக்கு 'பட்கயி' என்று பெயர். அதே பெயரில் அரசுத் திட்டம் வந்து, மண்வெட்டி போய் ஜேசிபி வந்தது. சரிவு அறுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மழைதான் காரணம் என்று இன்னொரு தரப்பு. 2023 ஜூலையில் ராய்கட் மாவட்டத்தின் இர்ஷால்வாடியில் மறுபடி அதே மாதிரி நடந்தது. அங்கேயும் பழங்குடிக் குடியிருப்பு, அங்கேயும் இரவு மழை. வயல் திருத்தியதாக அங்கே யாரும் சொல்லவில்லை. உருகி ஓடுவதை நிறுத்தி ஆறு கோடி ஆண்டுக்கு மேலாகியும் இந்தப் பாறை முழுதாக அடங்கிவிடவில்லை.

ஜுன்னர் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் 200க்கும் மேற்பட்ட குடைவரைகள் இருக்கின்றன. அஜந்தா, எல்லோராவின் புகழில் கால் பங்குகூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை. அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்று லேண்யாத்ரிக் குகை ஒன்றில் இருப்பதால் அந்த ஒரு குன்றில் மட்டும் கூட்டம். பக்தர்கள் மூச்சு வாங்கப் படியேறிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பௌத்த சைத்தியத்தை எட்டிப் பார்ப்பவர் குறைவு. துல்ஜா குகைகளில் 12 தூண்கள் வட்டமாக நிற்கும் ஒரு சைத்தியம் உண்டு. அங்கே பெரும்பாலும் வௌவால்கள்தாம் யாத்ரிகர்கள். பாறையின் குணம் இந்தச் சிற்பிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விரிசலும் குமிழும் இல்லாத கனமான அடுக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் தளமட்டத்தை அனுசரித்தே வரிசையாகக் குடைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மடத்தின் அருகிலும் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டி. ஒழுகாத பாறை என்பதால் தொட்டி 2,000 ஆண்டுகளாகத் தண்ணீர் பிடிக்கிறது.

கல்வெட்டுகளில் அரசர்களைவிடச் சாதாரண மனிதர்கள் அதிகம். யவனர்கள் தானம் செய்திருக்கிறார்கள். மூங்கில் வேலைக்காரர் குழுவும் கன்னார் குழுவும் மரம் வைப்பதற்கான முதலீட்டைப் பெற்றிருக்கின்றன. தானிய வணிகர் குழு ஏழு அறைகள் கொண்ட ஒரு குகையையும் ஒரு நீர்த்தொட்டியையும் கொடுத்திருக்கிறது. இந்த ஊரில் தானியம் விற்ற லாபம் மலையைக் குடையும் அளவுக்கு இருந்தது என்பதை விவசாயிகள் இன்று கேட்டால் நம்ப மாட்டார்கள்.

சத்ரபதி சிவாஜி 1630ல் பிறந்த சிவ்னேரிக் கோட்டையும் இங்கேதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் இது ஒன்று. பட்டியலில் தமிழ்நாட்டின் செஞ்சியும் உண்டு. மற்றக் கோட்டைகளில் பல எரிமலைப் படிக்கட்டின் மேல் நிற்க, செஞ்சி அதற்கெல்லாம் பல மடங்கு மூத்த கருங்கல் குன்றுகளின் மேல் நிற்கிறது. மாநில அரசு 2018ல் ஜுன்னரைத் தனிச் சுற்றுலா தாலுகா என்று அறிவித்தது. அறிவிப்புப் பலகைகள் பெருகியிருக்கின்றன.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பசி கடுமையாக இருக்கும். நெடுஞ்சாலைப் பக்கம் வந்தால், நாராயண்காவ் முதல் ஆளேபாட்டா வரை 'மாஸ்வடி' என்று எழுதிய பலகைகள் வரிசையாக வருகின்றன. மாசா என்றால் மீன். ஆனால் இது முழுச் சைவம். கடலை மாவைக் காரம் சேர்த்துக் கொதிநீரில் களி போலக் கிண்டி, ஈரத் துணியின்மேல் மெல்லிசாகத் தட்டி, வறுத்த எள், கொப்பரைத் துருவல், வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் கலந்த பூரணத்தை நடுவில் வைத்துத் துணியோடு சுருட்டி அழுத்துகிறார்கள். அழுத்தும்போது வரும் வடிவம் மீனைப்போல இருக்கிறது. துண்டு போட்டால் மீன் துண்டு மாதிரியே தெரியும். கடலிலிருந்து தொலைவில், மலைக்கு இந்தப் பக்கம் வாழ்கிறவர்களின் ஏக்கமா குறும்பா என்று தெரியவில்லை.

மாஸ்வடியைத் தனியாகச் சாப்பிட்டால் ஒன்றும் புரியாது. கூட வரும் 'ரஸா'தான் உயிர். கறுப்பாக, மேலே எண்ணெய் மிதக்க, கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் குழம்பு. வெங்காயத்தையும் கொப்பரையையும் தணலில் கருகச் சுட்டு, மசாலாவோடு அரைப்பதால் அந்த நிறம். மசாலாவில் 'தகட்பூல்' போடுகிறார்கள். கல் பூ என்று பொருள். செட்டிநாட்டுச் சமையலறையில் கல்பாசி என்று இருப்பது இதேதான். இதற்குத் தோழன் கம்பு ரொட்டி. மராத்தியில் பாஜ்ரி பாக்ரி.

பாக்ரி தட்டுவது வேடிக்கை பார்க்க வேண்டிய வேலை. கம்பு மாவில் கோதுமையின் பசை கிடையாது. சப்பாத்திக் கட்டை உதவாது. வெந்நீர் விட்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்துப் பிசைய வேண்டும். கடைக்காரம்மாவை எல்லோரும் 'மாவ்ஷி' என்று கூப்பிடுகிறார்கள். நாம் சித்தி என்பது போல. மாவ்ஷி உருண்டையை மாவு தூவிய தாம்பாளத்தில் வைத்துக் கையால் தட்டத் தட்ட அது தானே சுழன்று நிலவாக விரிகிறது. கல்லில் போட்டதும் மேல்பக்கம் ஒரு கை தண்ணீரைத் தடவி, அது உலர்ந்ததும் திருப்பி, பிறகு நேராகத் தணலில் காட்டுகிறார். ரொட்டி உப்பி, மேல்தோல் காகிதம் போலப் பிரிந்து வருகிறது. அந்தத் தோலில் பச்சை மிளகாயும் பூண்டும் உப்பும் இடித்த 'டேச்சா'வைத் தடவித் தின்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

இடிக்கும் உரலும், அம்மியும் குழவியும், மாவு திரித்த திரிகையும் இந்த எரிமலைப் பாறைதான். திரிகையை இங்கே 'ஜாதே' என்பார்கள். விடியலுக்கு முன் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியைப் பற்றி அரைக்கும்போது 'ஓவி' பாடுவார்கள். அண்ணன் சீர் கொண்டு வராதது, மாமியார் பேச்சு, பண்டரிபுரத்து விட்டலன், அம்பேத்கர் எல்லோரும் அந்தப் பாட்டில் உண்டு. புனேயில் ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வானும் 1980களில் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓவிகளைக் கிராமம் கிராமமாகச் சேகரித்தார்கள். அதற்குள் ஊருக்கு ஒரு மாவு மில் வந்துவிட்டது. கல் நின்றதும் பாட்டும் நின்றது. மில் வேண்டாம் என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். மணிக்கணக்கில் கல்லைச் சுற்றியவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்று பல வீடுகளின் வாசலில் ஜாதே செடித்தொட்டிக்குப் பீடமாக இருக்கிறது.

நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே போகப் போக மழை குறைந்து மண் கறுக்கிறது. எரிமலைப் பாறை உதிர்ந்து உண்டான ரேகட். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். மேல்மண் வெடிப்பில் விழுந்து தன்னைத் தானே உழுதுகொள்ளும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம். ஆனால் அங்கே எரிமலைக்கு வேலை இல்லை. வேறு பாறையிலிருந்து வந்த கறுப்பு அது. தக்காணத்துக் கரிசலின் பெரிய குணம், மழை நின்ற பிறகும் ஈரத்தைப் பிடித்து வைப்பது. மழைக் கடைசியில் விதைத்த சோளம் அந்த ஈரத்தையும் பனியையும் நம்பியே மாசி வரை வளர்ந்து விளையும். 1930களில் சோலாப்பூர் மாவட்டம் மோஹோலில் தேர்ந்தெடுத்த மால்தண்டி ரகம் இன்னும் இந்த நிலத்தின் ராணி.

அந்தச் சோளத்துக்குத்தான் இப்போது இடம் சுருங்கிவருகிறது. குக்டி திட்டத்தின் ஐந்து அணைகள் வந்த பிறகு வாய்க்கால் எட்டும் நிலமெல்லாம் கரும்பு, திராட்சை, தக்காளி, வெங்காயம். வாய்க்கால் எட்டாத இடத்தில் ஆழ்குழாய்க் கிணறு. மணற்கல் போல இந்தப் பாறை தண்ணீரைத் தன்னுள் தேக்காது. மேலே உதிர்ந்த அடுக்கிலும் விரிசல்களிலும் இருப்பதுதான் இருப்பு. 300 அடி துளைத்தும் தூசி மட்டும் வந்த கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. சோளத்தை விட்டதற்கு விவசாயியைக் குறை சொல்வதும் நியாயமில்லை. கரும்புக்கு வாங்க ஆலை இருக்கிறது. சோளக் கதிர் அறுக்க ஆள் கிடைப்பதில்லை, விலையும் நிச்சயமில்லை. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. கொண்டாடியதால் நட்சத்திர ஓட்டல்களில் பாக்ரிக்கு மதிப்பு உயர்ந்தது.

ஏழையின் தட்டில் நடந்த மாற்றம் இன்னும் தெளிவானது. 1995ல் ஆட்சிக்கு வந்த சிவசேனை-பாரதிய ஜனதா அரசு ஒரு ரூபாய்க்கு ஜுண்கா-பாகர், அதாவது கடலை மாவுக் கூட்டும் ரொட்டியும் தரும் கடைகளைத் திறந்தது. கடைகளுக்குக் கிடைத்த மனைகளைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. சில ஆண்டுகளில் திட்டமும் நின்றது. 2020ல் உத்தவ் தாக்கரே அரசு 10 ரூபாய்க்குச் சிவ போஜன் சாப்பாடு தொடங்கியபோது அதில் இடம்பெற்றது சப்பாத்தி. கால் நூற்றாண்டில் அரசாங்கமே பாக்ரியை மறந்துவிட்டது என்பதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

வயதானவர்களுக்கு 1972 ஞாபகம் இருக்கிறது. அந்த வறட்சியில் மகாராஷ்டிரத்துக் கிராமங்கள் நிவாரணக் கூலிக்குக் கல் உடைத்தன. மலைமலையாக ஜல்லி குவிந்தது. ரேஷனில் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்பு மைலோ சோளம். அந்தக் கல் உடைப்புதான் மாநிலத்தின் வேலை உறுதிச் சட்டமாகி, 2005ன் தேசியச் சட்டத்துக்கு வழிகாட்டியது. எரிமலைப் பாறை வயிற்றுக்குச் சோறு போட்ட விதங்களில் இதுவும் ஒன்று. யாரும் ஆசைப்பட்ட விதமல்ல.

மாலை நான்கு மணிக்குப் போரி கிராமத்தை அடைந்தால் வெயில் சரியான சாய்வில் இருக்கும். வழியில் கோடத் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள வலைக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஊட்டியில் 1970ல் ரேடியோ தொலைநோக்கியை அமைத்த கோவிந்த் ஸ்வரூப்பே இங்கும் 30 கிண்ணங்கள் கொண்ட பெரிய நிலையத்தை உருவாக்கினார். போரியில் குக்டி ஆற்றின் கரையில் மண் அடுக்குகளுக்கு நடுவே சாம்பல் வெள்ளையில் ஒரு பட்டை. தொட்டால் முகப்பவுடர் போல விரலில் ஒட்டும். இது நிஜமான எரிமலைச் சாம்பல். ஆனால் காலடியில் இருக்கும் மலைகள் உமிழ்ந்தது அல்ல. சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்தபோது கடல் தாண்டி வந்து விழுந்தது. 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்பா, 8 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்பா என்று ஆய்வாளர்கள் இன்னும் மோதுகிறார்கள். மோதலுக்குக் காரணம் உண்டு: இங்கே ஆதி மனிதனின் கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. சாம்பலின் வயது தெரிந்தால் அவன் வயது தெரியும். கோடரிகளையும் அவன் இந்தக் கரும்பாறையில்தான் செய்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ஜனவரிக்கே உரிய விருந்து காத்திருக்கிறது: ஹுர்டா. பால் இறுகாத இளம் சோளக் கதிர்களைக் குழிக்குள் வரட்டித் தணலில் வாட்டி, சூடாகவே உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் பச்சை முத்துகள். குல்பேண்டி போன்ற ரகங்களை இதற்கென்றே ஒரு மூலையில் விதைக்கிறார்கள். கூடவே பூண்டு-நிலக்கடலைச் சட்னி, வெல்லம், தயிர். முன்பெல்லாம் வயலுக்கு வந்த உறவினருக்கு வைத்த விருந்து. இப்போது புனேயிலிருந்து கார்களில் வருகிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். இந்தக் கட்டணத்துக்காகவே அரை ஏக்கர் சோளத்தை விட்டுவைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. சுற்றிலும் கரும்பு.

அந்தக் கரும்பில் சிறுத்தைகள். காட்டைப் பார்க்காமலே கரும்புக்குள் பிறந்து கரும்புக்குள் குட்டி போடும் சிறுத்தைகள் இவை. பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடுவது தொல்லையை அதிகப்படுத்துகிறது என்று வித்யா ஆத்ரேயாவின் ஆய்வுகள் இந்தத் தாலுகாவிலிருந்துதான் சொல்லின. பிடிபட்டவற்றை வைக்க மாணிக்டோவில் ஒரு மையம் இருக்கிறது. 2025ல் பக்கத்து ஷிரூர் தாலுகாவின் ஒரு கிராமத்தில் வயல் வேலைக்குப் போனவர்கள் ஆணி பதித்த பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். பம்புசெட்டுக்குப் பகலில் மின்சாரம் கொடுங்கள் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் பல நாள் கோரிக்கை.

அதனால் ஹுர்டா விருந்து ஏழு மணிக்கு மேல் நீடிப்பதில்லை. வாடகைக் காரோ, ஆளேபாட்டா வரை ஷேர் ஜீப்போ பிடித்துக் கிளம்பும்படி வீட்டுக்காரர்களே அவசரப்படுத்துகிறார்கள். குழித் தணல்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மிஞ்சிய கதிர்களைத் துணியில் கட்டி விருந்தாளியின் கையில் கொடுக்கிறார்கள். இரவு முறை மின்சாரம் வரும் வாரமாக இருந்தால் வீட்டில் ஒருவர் டார்ச் விளக்கும் தகரமும் தடியும் எடுத்துவைத்துவிட்டு, மோட்டார் போடும் நேரத்துக்குக் காத்திருக்கிறார்.